கணக்கேடும் தலைமையும்

தலைமை என்னும் சொல் இந்நாளில் மிக மலிந்துவிட்டது. விழா மேடையிலே அது முழங்குகின்றது. விளம்பரத் தாளிலே அது மின்னுகின்றது. வணிகக் கல்வி பயில்வோர்க்கு முதற்பாடமாகவே அது வைக்கப்படுகின்றது. ஆயினும், தலைமையாவது யாது என்று வினவுவோமாயின், பலரும் பதவியையே சுட்டுவர். கணக்கர், மேற்பார்வையாளர், மேலாளர் எனப் படிப்படியாக ஏறுதலே தலைமையில் வளர்தல் என்பது அன்னோர் துணிபு. யாம் அங்ஙனம் கருதுகின்றோமில்லை. படியேறியும் தலைமை பெறாதார் பலர். படியேறுமுன்னரே அதனைத் தாங்கினார் சிலர். இவ்வுண்மையை நம் நாட்டுச் சிற்றூர் ஒன்றின் வாழ்வை வைத்து ஆராய்ந்து, நம் கல்லூரியார்க்கு ஒரு விண்ணப்பம் செய்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசி வட்டாரத்தில் எம். புதுப்பட்டி என்னும் ஊர் உளது. வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் வயலும் பொய்க்கும். ஆதலின் அவ்வட்டாரத்து மக்கள் ஏர் பிடித்த கையைப் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் அச்சுத் தொழிலுக்கும் கொடுத்துப் பிழைக்கின்றனர். இத்தகைய ஊரிலே பள்ளியிறுதி வகுப்பைத் தேறிய பெண்ணொருத்தி இருக்கின்றாள் என்று கொள்வோம். தந்தை பட்டாசுக்குக் குழாய் உருட்டுபவர். தாய் முன்பு சரம் பின்னியவள். 2018ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை விதித்தபின், பெட்டியில் அடைக்கும் வேலைக்குப் போயினவள். மூன்றாண்டு இருந்து பட்டம் பெறுதற்கு அக்குடும்பத்திற் பொருளும் இல்லை, பொழுதும் இல்லை. அவள் ஒரு சமுதாயக் கல்லூரியிற் சேர்ந்து, ஓராண்டு வணிக நிர்வாகமும் கணக்கியலும் பயில்கின்றாள். பின்னர்ப் பட்டாசு ஆலை ஒன்றிற் கணக்கெழுதும் வேலையில் அமர்கின்றாள். ஆண்டுகள் சில சென்றபின், ஆட்களை மேற்பார்க்கும் பொறுப்பும் அவளை வந்தடைகின்றது. இவள் யாம் நேரிற் கண்ட ஒருத்தியல்லள். ஆராய்ச்சியின்பொருட்டு மனத்தில் நிறுத்திய ஓர் உருவம். எம் வினா இதுவே: இவள் எந்த நாளில் தலைவியாகின்றாள்?

இவ்வினாவுக்கு விடை காணுமுன், இவளை ஆளாக்கிய கல்விமுறையின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். சமுதாயக் கல்லூரி என்னும் எண்ணம் அமெரிக்க நாட்டிற் பிறந்தது. இல்லினாய்ஸ் மாகாணத்து ஜோலியட் நகரில் 1901ஆம் ஆண்டு தோன்றிய இளநிலைக் கல்லூரியே அவ்வகையில் இன்றளவும் நிலைத்திருக்கும் அரசினர் கல்லூரிகளுள் மூத்தது. 1947இல் ட்ரூமன் குடியரசுத் தலைவர் அமைத்த உயர்கல்விக் குழு, ஊர்தோறும் எளியோர்க்கு எட்டும் இத்தகைய கல்லூரிகள் பெருகுதல் வேண்டுமென்று எடுத்துரைத்தது. நம் நாட்டிற்கு அது பிற்பட்டே வந்தது. 1995இல் புதுச்சேரியிலும், 1996இல் கிறித்துவத் திருச்சபையின் முயற்சியாற் சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் தோன்றின. பின்னர்ப் பல்கலைக்கழக மானியக் குழுவும் பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்ட காலத்தில் அவற்றுக்குப் பொருளுதவி செய்தது. பள்ளியை இடையில் விட்டோர், வறியோர், மகளிர் ஆகியோர்க்கு வாழ்க்கைத் திறனும் தொழிற்றிறனும் ஒருங்கே அளித்து, தொழில் நிகழும் இடத்திலேயே பயிற்சியும் தருதல் இக்கல்விமுறையின் உயிர்நிலை.

ஓராண்டுக் கல்வி ஒருவரைத் தலைமைக்கு உரியவராக்குமோ என்று ஐயுறுவார் உளர். அன்னோர்க்குச் சிவகாசியின் வரலாறே விடை பகரும். 1922ஆம் ஆண்டில் அவ்வூரினின்றும் இளைஞர் இருவர் கல்கத்தாவுக்குப் புறப்பட்டனர். ஒருவர் அய்ய நாடார். மற்றவர் சண்முக நாடார். அங்கே சில திங்கள் தங்கித் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்று, 1923இல் ஊர் திரும்பித் தொழில் தொடங்கினர். முதலில் ஜெர்மனி நாட்டு எந்திரங்களைத் தருவித்தனர். அவை எண்ணியவாறு பயன்படாமை கண்டு, கையாற் செய்யும் முறையைக் கைக்கொண்டனர். அதே 1923இல்தான் சுவீடன் நாட்டுத் தீப்பெட்டி நிறுவனம் ‘விம்கோ’ என்னும் பெயரால் இந்தியாவில் எந்திரத் தொழிலுடன் அடியெடுத்து வைத்தது. பெருமுதல் படைத்த அந்நிறுவனத்திற்கு எதிரே, கரிசற் காட்டுக் கைகளை நம்பி இவ்விளைஞர் நின்றனர், நிலைத்தனர். 1926இல் இருவரும் தனித்தனியே தொழில் நடத்தத் தொடங்கினர். ஒருவருடைய அணிற் சின்னமும் மற்றவருடைய காக்கைச் சின்னமும் நாடெங்கும் வீட்டடுக்களைகளை அடைந்தன. வண்ணத் தீக்குச்சியிலிருந்து பட்டாசு கிளைத்தது. பெட்டிக்கு ஒட்டும் தாளிலிருந்து அச்சுத் தொழில் கிளைத்தது.

அவர்கள் கல்கத்தாவிற் கற்ற கல்வி, காலத்தை அளந்து பார்ப்பின், இக்காலச் சமுதாயக் கல்லூரியின் பாடத்திட்டத்தினும் நீண்டதன்று. எனினும் அது தொழிலின் நடுவே நின்று கற்ற கல்வி. மருந்து இன்னது, குச்சி இன்னது, ஈரம் இன்னது என்று கையால் உணர்ந்தமையால் அன்றோ, விலை கொடுத்து வாங்கிய எந்திரத்தையும் வேண்டாவென்று ஒதுக்கும் துணிவு அவர்களுக்கு உண்டாயிற்று? பொருள் முடங்குமே, ஊரார் நகைப்பரே என்று அஞ்சியிருப்பின் அத்தொழில் முளையிலேயே கருகியிருக்கும். தான் அறிந்ததொன்றை அறிந்தவாறே ஒப்புக்கொண்டு, ‘இவ்வழி ஆகாது; நிறுத்துக’ என்று கூறவல்ல ஆற்றலைத்தான் யாம் தலைமையின் வித்து என்போம்.

இனி, எம். புதுப்பட்டிப் பெண்ணிடம் மீள்வோம். அவள் கைக்கு வந்த கருவி கணக்கேடு. கணக்கு என்பது வரவு செலவை எழுதிக் கூட்டி முடிப்பது. அதனுள் தலைமைக்கு இடம் ஏது என்று சிலர் எண்ணுவர். பட்டாசு ஆலையின் கணக்கோ அத்தகையதன்று. மருந்து செலுத்தும் அறை ஒன்றில் நால்வருக்கு மேல் இருந்து வேலை செய்யலாகாது என்பது விதி. ஓர் அறைக்கும் மற்றோர் அறைக்கும் இடையே இவ்வளவு தொலைவு வேண்டும், அன்றன்று கலந்த மருந்தை மறுநாளைக்கு மீத்து வைத்தலாகாது, உரிமம் பெற்றவன் ஆலையைப் பிறர்க்கு உள்குத்தகை விடலாகாது என்றெல்லாம் முறைகள் உள. 1884ஆம் ஆண்டின் வெடிபொருட் சட்டமும், அதன்கீழ் 2008இல் வகுக்கப்பட்ட விதிகளும் இவற்றுக்கு அடிப்படை. ஆயின், தீபாவளி நெருங்குங்கால் நிகழ்வது யாது? கூலி, செய்த எண்ணிக்கைக்கு ஏற்ப அளக்கப்படுகின்றது. வியாபாரி தொலைபேசியில் அவசரப்படுத்துகின்றான். நால்வர் அறையில் அறுவர் அமர்கின்றனர். அறை கொள்ளாதபோது மரத்தடியும் தொழிற்கூடம் ஆகின்றது.

இதனை முதலில் அறிபவர் யார்? ஆய்வாளர் ஆண்டில் சில நாட்களே வருவர். முதலாளி நகரத்தில் இருக்கலாம். போர்மேன் ஓரறையில் நிற்கும்போது மற்றோரறையை அறியார். கணக்கெழுதுபவளோ அன்றைய மாலையிலேயே அறிவாள். நால்வர் செய்யத்தக்க வேலைக்கு அறுவர் கூலி பெறுகின்றனர். ஒரு நாளிற் செய்யக்கூடிய அளவை உற்பத்தி விஞ்சி, ஒன்றரை மடங்காகின்றது. வாங்கிய அலுமினியத் தூளும் வெடியுப்பும், உரிமத்திற் கண்ட அளவோடு பொருந்தாமல் மிகுகின்றன. பெயர்ப்பட்டியலில் இல்லாத ஒருவர்க்குக் கூலி போகின்றது. எழுத்தறியாதார் கண்ணுக்கு இவை வெறும் எண்கள். வணிகம் பயின்ற மாணவிக்கோ இவை எச்சரிக்கை மணிகள். ஆண்டிறுதியில் அவ்வேட்டில் இலாபம் தடித்துத் தோன்றும். அவ்விலாபத்தின் மறுபக்கத்தில் எழுதப்படவேண்டிய செலவு ஒன்று எழுதப்படாமல் நிற்கின்றது. அச்செலவு ஒருநாள் ஒரே நொடியிற் பற்று எழுதப்படுங்கால், அதனைக் கொடுத்துத் தீர்ப்பவர் முதலாளியல்லர். அவள் தெருவிலுள்ள மக்களே.

இஃது அச்சுறுத்தற்கு யாம் கூறும் கற்பனையன்று. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள், சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ நாற்பதின்மர் மாண்டனர். உதவிக்கு ஓடியவரும் அவருள் அடங்குவர். 2021 பெப்ருவரி 12ஆம் நாள், சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் ஓர் ஆலை வெடித்துப் பலர் உயிர் துறந்தனர். 2023 அக்டோபர் 17ஆம் நாளோ அவ்விடர் எம். புதுப்பட்டிப் பக்கத்திலேயே நிகழ்ந்தது. ரெங்கபாளையம், கிச்சநாயக்கன்பட்டி ஆகிய ஈரிடங்களில் ஒரே நாளில் பதினால்வர் மறைந்தனர். தீபாவளிக்குச் சில வாரங்களே எஞ்சியிருந்த காலம் அது. இவ்விபத்து ஒவ்வொன்றின் காரணத்தையும் இங்கு அலசுதல் எம் நோக்கமன்று. அது நீதிமன்றத்தின் பணி. ஆயினும் ஒன்று சொல்வோம். ஆலை விபத்துக்கள் விதியால் நேர்வன என்று கூறி அமைதியுறுதல் அறிவுடையோர்க்கு அழகன்று. உராய்வும் வெப்பமும் ஈரமும் மிகுகூட்டமும் அவசரமும் விபத்தின் மூலங்களென எல்லாரும் அறிவர். அறிந்தும் அடக்கப்படாத இடர் விதியாகாது.

ஆதலின், எம் வினாவுக்கு விடை இதுவாகும். அப்பெண் மேற்பார்வையாளர் என்னும் பெயர்ப்பலகையைப் பெற்ற நாளில் தலைவியாகவில்லை. ஏட்டிலுள்ள எண்ணைக் கண்டு, அதன்பின்னுள்ள ஆறு முகங்களையும் கண்டு, முதலாளியிடம் சென்று, ‘ஐயா, மூன்றாம் அறையில் இன்று இருவர் மிகை, அவர்களை அனுப்பாமல் நான் இந்தக் கூலிப் பட்டியலில் எழுத மாட்டேன்’ என்று பணிவோடும் உறுதியோடும் சொல்லும் நாள் எதுவோ, அந்நாளே அவள் தலைவியான நாள். அதனினும் அரியது ஒன்று உண்டு. வெளியே அனுப்பப்பட்ட அவ்விருவரும் அவள் சித்தியும் அத்தையுமாக இருத்தல் கூடும். ‘எங்கள் கூலியைக் கெடுக்கவா நீ படித்தாய்?’ என்று அவர்கள் வாயினாற் கேட்பதையும் தாங்கி நின்று, காரணத்தை எடுத்துச் சொல்லித் தேற்றுதல் வேண்டும். மேலோரிடம் துணிவும் தன்னவரிடம் பொறுமையும் ஒருவரிடத்தே கூடுதல் அரிது. கூடிய இடத்தே தலைமை உண்டு.

இங்கே மூன்று தடைகள் எழுப்பப்படலாம். முதலாவது, ‘தலைமை பிறவிக்குணம், கல்லூரி அதனைக் கற்பிக்கவியலாது’ என்பது. துணிவு ஓரளவு இயல்பாக அமைவது உண்மையே. எனினும் எதற்குத் துணிவது என்பதைக் கல்வியே காட்டும். விதியை அறியாத துணிவு வெறும் சச்சரவாக முடியும். வள்ளுவனார் ‘தெரிந்து வினையாடல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். தக்காரை ஆராய்ந்து தெரிதலும், தெரிந்தபின் வினையை அவரிடம் ஒப்புவித்தலும் அங்கு ஒருங்கே பேசப்படுகின்றன. மோசேயின் மாமனாராகிய எத்திரோ, ஆயிரவர்க்கும் நூற்றுவர்க்கும் ஐம்பதின்மர்க்கும் பதின்மர்க்கும் தலைவரை ஏற்படுத்தச் சொன்ன வரலாற்றை நம் மாணவர் அறிவர். பதின்மர்க்குத் தலைமை தாங்குவோரும் தலைவரே என்பது அதன் உட்பொருள். பட்டாசு ஆலைக்கு வேண்டுபவர் அத்தகைய பதின்மர் தலைவரே.

இரண்டாவது தடை, ‘பெரும் பட்டம் பெற்றார் செய்யவேண்டியதைச் சிறு சான்றிதழ் பெற்றாரிடம் எதிர்பார்த்தல் முறையோ?’ என்பது. பட்டத்தை யாம் இழித்துரைக்கின்றோமில்லை. நம் கல்லூரியே பட்டங்களால் வளர்ந்தது. ஆயினும் இடரின் அண்மையில் இருப்பவரே அதனை முதலில் காண்பர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துப் பேரறிஞராயிருந்த இராக்லந்து ஐயர், சென்னையில் தாம் வகித்த உயர்பதவியை விட்டு, வட திருநெல்வேலிச் சிற்றூர்களிற் கூடாரமடித்துத் தமிழ்ப் பணியாளரோடு ஊரூராய் உழைத்து, 1858ஆம் ஆண்டில் இதே சிவகாசியில் உயிர் நீத்தார். கற்றாரும் மக்களின் அண்மையை நாடி வந்தே தொண்டு செய்தல் கூடும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று. அவர் தேடி வந்த அண்மை, எம். புதுப்பட்டிப் பெண்ணுக்குப் பிறப்பிலேயே வாய்த்துள்ளது. அவளுக்கு வேண்டுவது அறிவும் ஆதரவுமே.

மூன்றாவது தடையே வலியது. ‘ஏழைப் பெண் ஒருத்தி எதிர்த்துப் பேசினால் வேலை போகும், பின்னர் அவள் குடும்பம் என் செய்யும்?’ இதற்கு எளிய விடை எம்மிடம் இல்லை. வேலை போதல் உண்மையாகவே நேரக்கூடும். அவ்வச்சத்தைச் சுமக்கும்படி ஓர் இளம்பெண்ணைத் தனியே விடுவது அறமன்று என்பதையே யாம் இக்கட்டுரையில் வற்புறுத்துகின்றோம். தலைமைக்கு அவள் உரியவள் என்று மேடையிற் பேசிவிட்டு, ‘நிறுத்துக’ என்று சொல்லும் அதிகாரத்தை அவளுக்குக் கொடாதிருத்தல் ஏமாற்றுவதே ஆகும். பொறுப்பைக் கொடுத்து அதிகாரத்தை மறுத்தல், கையைக் கட்டிக் கிணற்றில் இறக்குதலை ஒக்கும்.

ஆகவே, செய்யத்தக்கன சிலவற்றை விண்ணப்பித்துக் கொள்கின்றோம். முதலாவதாக, பட்டாசு வட்டாரத்துச் சமுதாயக் கல்லூரிகளின் வணிகப் பாடம் அவ்வட்டாரத்துக்கு ஏற்றதாதல் வேண்டும். பேரேடும் ஐந்தொகையும் கற்பிக்கும்போதே, உரிமத்தைப் படித்துப் பொருள் கொள்ளவும், கூலிப் பட்டியலை அறைவாரியாக ஒப்புநோக்கவும், வாங்கிய மருந்தையும் செய்த சரக்கையும் தட்டிப் பார்க்கவும் கற்பித்தல் வேண்டும். சிவகாசியில் வெடிபொருட் பாதுகாப்புத் துறையின் பட்டாசு ஆராய்ச்சி மையம் இருக்கின்றது. போர்மேன்களுக்கு உரிய பாதுகாப்புப் பாடத்தின் சாரத்தைக் கணக்கு மாணவரும் அறிதல் நலம். சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழில் வந்த அதே 1923ஆம் ஆண்டிலேதான் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இந்தியாவில் இயற்றப்பட்டது. தொழிலும் அதன் பொறுப்பும் உடன்பிறந்தவை என்பதை அவ்வாண்டைக் காட்டியே கற்பிக்கலாம்.

இரண்டாவதாக, நம்மைப் போன்ற கல்லூரிகள் அம்மாணவர்க்குக் கதவு திறத்தல் வேண்டும். ஓராண்டுச் சான்றிதழோடு வேலைக்குப் போனவர், பின்னர்ப் பட்டப் படிப்பைத் தொடர விரும்பினால், அவர் கற்றதை மதித்து ஏற்றுக்கொள்ளுதல் முறை. நம் வணிகவியல் மாணவரும் ஒரு பருவமேனும் அவ்வட்டாரத்துக்குச் சென்று, அவர்களோடு அமர்ந்து கற்றல் வேண்டும். யார் யாருக்கு ஆசிரியர் என்பது அங்கே தெளியும்.

மூன்றாவதாக, நம் பழைய மாணவருட் பலர் தொழில் நடத்துவோர், கணக்காய்வாளர், வழக்கறிஞர், அரசுப் பணியாளர். அன்னோரை வணங்கிக் கேட்கின்றோம். உங்கள் தொழிற்கூடத்திற் பணிபுரியும் இளங்கணக்கர் ஒருவர் வந்து, ‘இன்று வேலையை நிறுத்துக’ என்று கூறின், முதலில் நிறுத்துங்கள்; பின்னர் வாதாடுங்கள். அவர் கூற்றுத் தவறாயின் இழப்பது ஒருநாள் இலாபம். சரியாயின் காப்பது எத்துணை உயிர்! வேலையிழந்து நிற்கும் அத்தகைய ஒருவர்க்கு வழக்குரைக்கவும், வேறு வேலை தேடித் தரவும் பழைய மாணவர் சங்கம் முன்வருமாயின், அது நம் கல்லூரியின் சுவரில் பொறிக்கும் எக்கல்வெட்டினும் நின்று நிலவும்.

ஒரு காலம் இருந்தது. பள்ளி செல்லவேண்டிய சிறார், விடியுமுன் வண்டியேறித் தீப்பெட்டி அடைக்கப் போயினர். அவ்வட்டாரத்தைப் பற்றிய வழக்கிலேதான் 1996ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம் குழந்தைத் தொழிலை ஒழிக்கும் நெறிகளை வகுத்தது. அன்று குச்சி அடுக்கிய சிறுமியின் மகள் இன்று கணக்கேட்டைக் கையில் ஏந்துகின்றாள் எனின், அஃது ஒரு தலைமுறையின் வெற்றி. அவ்வெற்றி முழுமை பெறவேண்டுமாயின், அவள் எழுதும் எண்ணுக்கு மதிப்பும், அவள் சொல்லும் சொல்லுக்கு இடமும் உண்டாதல் வேண்டும்.

மாணவ நண்பர்காள்! நாளை நீவிர் எங்கேனும் ஒரு மேசைக்குப் பின்னே அமர்வீர். உங்கள் முன் ஒரு பேரேடு விரிக்கப்படும். அதன் எண்களுள் ஒன்று ஓர் ஊரின் உயிராக இருத்தல் கூடும். அதனைக் கண்டும் காணாதார்போல் கூட்டி முடிப்பீரோ, எழுந்து நின்று ஒரு சொல் சொல்வீரோ? அவ்வொரு கணத்துக்காகவே உங்களைப் பல ஆண்டுகளாகக் கல்லூரி ஆயத்தம் செய்கின்றது என்பதை மறவாதீர்.